கேஸில் ஓடும் பெட்ரோல் கார்: இன்ஜின் டைமிங் எவ்வளவு முன்னே வைக்கலாம்?

பெட்ரோல் காருக்கு கேஸ் கிட் பொருத்திய வீடுகளில் இரண்டு குறைகளை அடிக்கடி கேட்கிறோம். "பெட்ரோலில் பறந்த வண்டி கேஸில் இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்பது ஒன்று. மெக்கானிக்கிடம் காட்டி டைமிங்கை மாற்றி வைத்த பிறகு, "கேஸில் நன்றாக இழுக்கிறது, பெட்ரோலுக்கு மாற்றி மேடு ஏறினால் இன்ஜின் டக்டக்கென்று தட்டுகிறது" என்பது மற்றொன்று. இவை இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வருபவை. இரண்டு எரிபொருள்களும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. ஆனால் பழைய கார்களில் தீப்பொறி வரும் நேரம் இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

வாடகைக் கார், பள்ளி வேன், சரக்கு விநியோகம் என்று வண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். எரிபொருள் செலவைக் குறைக்கத்தான் கேஸுக்கு மாறுகிறார்கள். டைமிங் தவறாக இருந்தால் கேஸில் மிச்சமான பணம் முழுவதும் வால்வு வேலையிலோ பிஸ்டன் வேலையிலோ போய்விடும். ஆகவே டைமிங் என்றால் என்ன, கேஸுக்கு அதை ஏன் மாற்ற வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. திருகைத் திருப்புவது மெக்கானிக்தான் என்றாலும், சரியான கேள்வியைக் கேட்க வேண்டியவர் வண்டிக்காரர்.

டைமிங் என்றால் என்ன?

இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாகச் சென்று வருகிறது. அது மேலே ஏறும்போது காற்றும் எரிபொருளும் கலந்த கலவை நெருக்கப்படுகிறது. அப்போது ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைக் கொடுக்கிறது. கலவை எரிந்து, அதன் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. சக்கரத்தைச் சுழற்றும் சக்தி இந்தத் தள்ளலில்தான் இருக்கிறது.

பொறி விழுந்த உடனேயே கலவை முழுவதும் எரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பிளக்கின் முனையில் சிறிதாகத் தொடங்கும் தீ, அறை முழுவதும் பரவுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. நமக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இன்ஜினுக்கோ அது பெரிய நேரம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும் இன்ஜின் ஒரு சுற்றை 20 மில்லிசெகண்டில் முடித்துவிடுகிறது. அதாவது ஒரு மில்லிசெகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுகிறது.

ரமளானில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை எண்ணிப் பாருங்கள். அஸருக்குப் பிறகு கஞ்சி விநியோகிக்க வேண்டும் என்றால், அஸர் பாங்கு சொன்ன பிறகு அடுப்பைப் பற்ற வைப்பவர் யாரும் இல்லை. கஞ்சி வேக எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு லுஹரை ஒட்டியே பற்ற வைக்கிறார்கள். விறகு ஈரமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறார்கள். விநியோக நேரம் மாறவில்லை. பற்ற வைக்கும் நேரம்தான் விறகுக்கு ஏற்றபடி மாறுகிறது.

இன்ஜினிலும் இதே கணக்குத்தான். பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் சுமார் 12 முதல் 15 டிகிரி திரும்பியிருக்கும் நேரத்தில் அழுத்தம் அதன் உச்சத்தை எட்ட வேண்டும். அப்போதுதான் தள்ளும் சக்தி முழுமையாகப் பயன்படும். இது விநியோக நேரம் போன்றது. அந்த நேரத்துக்குத் தீ முழுவதும் பரவியிருக்க வேண்டுமானால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி விழுகிறது என்பதையே டைமிங் என்கிறோம். அந்த இடைவெளியைக் கூட்டுவதை அட்வான்ஸ் என்றும், குறைப்பதை ரிட்டார்ட் என்றும் பட்டறையில் சொல்வார்கள்.

முன்பின் ஆனால் என்ன நடக்கும்?

சைக்கிள் மிதிப்பவருக்கு இது எளிதில் புரியும். மிதிகட்டை உச்சியைத் தாண்டிச் சற்று முன்னே வந்ததும் அழுத்தினால் சைக்கிள் பாய்ந்து செல்கிறது. உச்சியை அடையும் முன்பே அழுத்தினால் நம் காலே நமக்கு எதிராக வேலை செய்கிறது. பாதி இறங்கிய பிறகு அழுத்தினால் பாதி பலம்தான் கிடைக்கிறது.

பொறி மிக முன்னதாக விழுந்தால், மேலே ஏறி வரும் பிஸ்டனை அழுத்தம் எதிர்த்துத் தள்ளுகிறது. அத்துடன் அறைக்குள் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறி, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. பாத்திரத்தில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல் கேட்கும் அந்தச் சத்தத்தையே நாக்கிங் என்கிறார்கள். தொடர்ந்து நாக்கிங் இருந்தால் பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், பேரிங் ஆகியவை பாதிக்கப்படும்.

பொறி மிகத் தாமதமாக விழுந்தால் சத்தம் எதுவும் கேட்காது. அதனால்தான் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்துவிடுகிறது. பிஸ்டன் வெகுதூரம் இறங்கிய பிறகும் கலவை எரிந்துகொண்டிருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் மிகச் சூடான வாயு வெளியேறும். பிக்கப் குறையும், மைலேஜ் குறையும், இன்ஜின் சூடேறும், வால்வும் அது அமரும் சீட்டும் நாளடைவில் கருகித் தேயும்.

கேஸுக்கு ஏன் வேறு நேரம்?

நம் நாட்டில் கார்களில் இரண்டு வகை கேஸ் பயன்படுகிறது. எல்.பி.ஜி. என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குறைந்த அழுத்தத்தில் திரவமாக டேங்கில் இருக்கும். சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். சுமார் 200 பார் அழுத்தத்தில் வாயுவாகவே சிலிண்டரில் அடைக்கப்படுகிறது.

சி.என்.ஜி.யின் தீ பெட்ரோலைவிட மெதுவாகப் பரவுகிறது. நாம் சொன்ன ஈர விறகு இதுதான். எல்.பி.ஜி.யில் இந்த வேறுபாடு குறைவு. எனினும் குறைந்த வேகத்தில் அதற்கும் சற்று முன்னதாகப் பொறி கொடுத்தால் இன்ஜின் நன்றாக இழுக்கிறது. ஆகவே பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கிலேயே கேஸில் ஓட்டினால், கேஸைப் பொறுத்தவரை பொறி தாமதமாக விழுகிறது என்றே பொருள்.

அடுத்தது ஆக்டேன் எண். நாக்கிங்கைத் தாங்கும் சக்தியை இந்த எண் காட்டுகிறது. நம் நாட்டில் பரவலாக விற்கும் பெட்ரோலுக்கு இது 91 முதல் 95 வரை. எல்.பி.ஜி.க்கு 100-ஐத் தாண்டும். சி.என்.ஜி.க்கு 120-ஐத் தாண்டும். ஆகவே பெட்ரோலில் தட்டும் அளவுக்கு டைமிங்கை முன்னே தள்ளினாலும் கேஸில் இன்ஜின் சத்தமின்றி ஓடும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விதி கிடைக்கிறது. கேஸ் டைமிங்கை முன்னே கேட்கும். எவ்வளவு முன்னே போகலாம் என்ற எல்லையைப் பெட்ரோல்தான் சொல்லும். கேஸில் மட்டும் ஓட்டிப் பார்த்து டைமிங்கை முடிவு செய்தால் எல்லை தாண்டியது தெரியவே தெரியாது. கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாற்றி, குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் மலைப்பாதை ஏறும்போதுதான் தெரியும்.

இன்னொரு உண்மையையும் மனதில் வைக்க வேண்டும். கேஸ் வாயு நிலையில் உள்ளே போவதால் காற்று வர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. சி.என்.ஜி.யில் இது உள்ளிழுக்கும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆகவே கேஸில் கொஞ்சம் சக்தி குறைவது இயல்பு. டைமிங்கை எவ்வளவு சரியாக வைத்தாலும் அந்தக் குறை முழுவதும் ஈடாகாது. "பெட்ரோல் மாதிரியே இழுக்க வேண்டும்" என்று வற்புறுத்தினால், மெக்கானிக் டைமிங்கை அளவுக்கு மீறித் தள்ளிவிட நேரும்.

டைமிங்கைத் தொடும் முன்

கேஸில் வண்டி இழுக்காததற்கு டைமிங் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. பின்வருவனவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஏர் ஃபில்டர்: பழைய மிக்சர் வகை கிட்டில் ஃபில்டர் அடைத்திருந்தால் கலவையில் கேஸ் அதிகமாகிவிடும்.

ஸ்பார்க் பிளக்கும் வயர்களும்: கேஸ் கலவையில் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவை. தேய்ந்த பிளக் பெட்ரோலில் சமாளித்து ஓடும், கேஸில் விட்டுவிட்டு ஓடும். பிளக் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம்.

வால்வு கிளியரன்ஸ்: கேஸில் அதிகம் ஓடும் பழைய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இந்த இடைவெளி குறைந்துவிடும். அப்போது வால்வு முழுவதும் மூடாது.

கலவை அளவு: ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எல்.பி.ஜி.க்கு 15.5 கிலோ அளவிலும், சி.என்.ஜி.க்கு 17 கிலோ அளவிலும் காற்று வேண்டும். கேஸ் போதாமல் காற்று மிகுந்த கலவை இன்னும் மெதுவாக எரியும். மிக்சர் கிட்டில் காற்று வரும் வழியிலேயே வெடிச்சத்தமும் வரலாம்.

இவற்றைச் சரி செய்யாமல் டைமிங்கைத் திருப்புவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் மாத்திரை கொடுப்பது போன்றது.

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகள்

அம்பாசிடர், கார்புரேட்டர் காலத்து மாருதி 800, ஆம்னி போன்றவற்றில் பொறியைப் பங்கிட்டுத் தருவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் உடலைச் சற்றுத் திருப்பினால் டைமிங் மாறும். ரோட்டர் எந்தத் திசையில் சுழல்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் உடலைத் திருப்பினால் அட்வான்ஸ். அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுழன்றால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுழலும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு டிகிரி திருப்பினால் டைமிங் இரண்டு டிகிரி மாறும். ஐந்து டிகிரி அட்வான்ஸ் வேண்டும் என்றால் திருப்ப வேண்டியது இரண்டரை டிகிரிதான். எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள டிஸ்ட்ரிபியூட்டரின் ஓரத்தில் அது இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. இதைக் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ சரியாக வைப்பது கடினம். டைமிங் லைட் என்ற கருவி அதற்காகத்தான் இருக்கிறது. முதல் சிலிண்டரின் பிளக் வயரில் அதன் கவ்வியை மாட்டி, இன்ஜின் ஓடும்போது டைமிங் குறியின் மீது ஒளியைப் பாய்ச்சினால், சுழலும் குறி நின்றது போலத் தெரியும். எத்தனை டிகிரி என்பதை அப்படியே படித்துவிடலாம்.

செய்முறை இதுதான். இன்ஜினை நன்றாகச் சூடாக்க வேண்டும். கையேட்டில் சொன்ன ஐடில் வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாக்குவம் குழாயைக் கழற்றி அடைக்கும்படி கையேடு சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். முதலில் பெட்ரோலுக்குரிய அளவில் டைமிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, இரண்டு அல்லது மூன்று டிகிரி மட்டும் அட்வான்ஸ் செய்து, போல்ட்டை இறுக்கி, மறுபடியும் லைட்டால் சரிபார்க்க வேண்டும். இறுக்கும்போதே சில சமயம் நகர்ந்துவிடும். அட்வான்ஸ் செய்தால் ஐடில் வேகம் கூடும், அதையும் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டும்.

அதன் பிறகு சாலையில் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை பெட்ரோலில்தான் நடக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்க, வண்டியில் மூன்று நான்கு பேர் அமர்ந்து, மேட்டில் உயர் கியரில் மெதுவாகச் சென்று ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்க்க வேண்டும். தட்டும் சத்தம் தொடர்ந்து கேட்டால் ஓரிரு டிகிரி பின்வாங்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கேஸுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். இப்படிச் சிறிது சிறிதாகச் சென்றால் பெரும்பாலான வண்டிகளில் மூன்று முதல் ஐந்து டிகிரிக்குள் நிற்க வேண்டியிருக்கும். கேஸ் இதற்கு மேலும் கேட்கலாம். ஆனால் வண்டி இரண்டு எரிபொருளிலும் ஓட வேண்டும் என்பதால் இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகம் கூடும்போது தானாக அட்வான்ஸ் செய்யும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. உடலைத் திருப்பினால் எல்லா வேகத்திலும் அதே அளவு கூடிவிடும். குறைந்த வேகத்தில் கேஸுக்கு உதவும் ஐந்து டிகிரி, அதிவேகத்தில் தேவைக்கு மிஞ்சியதாகலாம். நிதானமாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இ.சி.யு. உள்ள புதிய வண்டிகள்

இன்றைய கார்களில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. கிராங்க் சென்சார் தரும் தகவலை வைத்து இ.சி.யு. என்ற கணினிப் பெட்டியே டைமிங்கைத் தீர்மானிக்கிறது. அதில் எழுதியிருப்பது பெட்ரோலுக்கான அட்டவணை. நாக் சென்சார் இருந்தால், தட்டும்போது டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கேஸில் ஓடுகிறோம் என்பதற்காக அட்டவணையைத் தாண்டி முன்னே தள்ளாது.

இதற்காக டைமிங் அட்வான்ஸ் புராசசர் என்ற சிறு பெட்டியை விற்கிறார்கள். கேஸில் ஓடும்போது மட்டும் சென்சார் சிக்னலை மாற்றி, பொறியை முன்னதாக விழச் செய்யும். பெட்ரோலுக்கு மாறியதும் ஒதுங்கிவிடும். பழைய வண்டியில் கிடைக்காத வசதி இது. இரண்டு எரிபொருளுக்கும் தனித்தனி நேரம் கிடைக்கிறது. இத்தகைய பெட்டிகளில் 6, 9, 12 டிகிரி என்று தேர்வுகள் இருக்கும். குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. எல்.பி.ஜி.க்கு மிகக் குறைந்த அளவே போதும்.

ஆனால் எல்லா வண்டிக்கும் எல்லாப் பெட்டியும் பொருந்தாது. சென்சார் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். பொருத்திய பின் செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் அப்படியே ஓட்டக் கூடாது. நிறுவனமே தொழிற்சாலையில் கேஸ் பொருத்தித் தரும் கார்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. மாருதி சுசூகி 2010-இலிருந்து இத்தகைய சி.என்.ஜி. கார்களை விற்கிறது. கேஸுக்கான கணக்கைக் கம்பெனியே அமைத்துவிடுகிறது. அதில் கை வைத்தால் வாரண்டி போய்விடக்கூடும்.

உயிர்ப் பாதுகாப்பும் சட்டமும்

கேஸ் வண்டியின் பானட்டைத் திறந்து பொறி சம்பந்தமான வேலை செய்வதற்கு முன், கசிவு இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே பட்டறைக் குழியின் மேல் நிறுத்தி இந்த வேலையைச் செய்யக் கூடாது. சி.என்.ஜி. காற்றைவிட லேசானது. மூடிய ஷெட்டில் கூரையை ஒட்டித் தங்கும். காற்றோட்டமான திறந்த இடமே இரண்டுக்கும் ஏற்றது.

சமையல் சிலிண்டரிலிருந்து காருக்கு கேஸ் ஏற்றுவது சட்டப்படி குற்றம். அதோடு உயிருக்கே ஆபத்து. காருக்கான எல்.பி.ஜி. டேங்க்கில் 80 சதவீதம் நிறைந்ததும் நிறுத்தும் வால்வு உண்டு. வெயிலில் திரவம் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். வீட்டில் குழாய் மாட்டி ஏற்றுபவர்கள் இந்தப் பாதுகாப்புகளைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த வண்டியில் அமர்வது நம் பிள்ளைகள். பள்ளி வேன் என்றால் ஊரார் பிள்ளைகள்.

கிட் பொருத்தினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கிடைப்பதில் சிக்கல் வரும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கேஸ் வண்டியை விற்கிறவர், பெட்ரோலில் தட்டுகிறது என்று தெரிந்தும் கேஸில் மட்டும் ஓட்டிக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். குறையைச் சொல்லி விற்பதுதான் ஹலாலான வியாபாரம். வாங்குபவரும் இரண்டு எரிபொருளிலும் ஓட்டிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

பிளக், ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ் மூன்றையும் பார்த்தீர்களா? டைமிங் லைட் வைத்துப் பார்த்தீர்களா? முன்பு எத்தனை டிகிரி இருந்தது, இப்போது எத்தனை? பெட்ரோலில் மேடு ஏற்றிப் பார்த்தீர்களா? புகைச் சோதனையை இரண்டு எரிபொருளிலும் எடுத்தீர்களா?

பழைய அளவையும் புதிய அளவையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறொரு மெக்கானிக் பார்த்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்பது அவருக்குத் தெரியும். மாதம் ஒருமுறையாவது சிறிது தூரம் பெட்ரோலில் ஓட்டி, மேட்டில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். தட்டும் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஓரிரு டிகிரி பின்னே வைக்கச் சொல்லுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும். பிஸ்டன் போனால் வண்டி பல நாள் பட்டறையில் நிற்கும், அத்தனை நாளும் வருமானம் இராது.